கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போங்கள்

போன மாதம் சர்க்கரை அளவைப் பார்க்க நம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். வேலை பார்த்த இடத்துக்கே நோயாளியாக வந்து டோக்கன் வாங்கி உட்கார்வதில் ஒரு வசதி இருக்கிறது. நம்மை யாரும் கவனிப்பதில்லை, நாம் எல்லாரையும் கவனிக்கலாம். மணி பத்து இருக்கும். பயிற்சி மருத்துவர்களான உங்களில் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், கண் இரண்டும் சிவந்து, முந்தின நாள் கசங்கின சட்டையோடு, மருத்துவ வார்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். கூப்பிட்டு, "எத்தனை மணிக்குத் தம்பி டூட்டி முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எட்டுக்கே கையெழுத்துப் போட்டுட்டேன் மேடம். சும்மா, ரெண்டு கேஸைப் பாத்துட்டுப் போலாம்னு நிக்கேன்" என்றார். முகத்தில் ஒரு பெருமை. அந்தப் பெருமை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஆஸ்பத்திரிக்குள் அதைக் கொண்டுவந்தவளே நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களைத் திட்டுவதற்காக அல்ல. சரி, கொஞ்சம் திட்டுவதற்காகவும்தான். ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது, திட்ட ஆள் இல்லாமல் நாக்கு துருப்பிடித்துக் கிடக்கிறது. ஆனால் முதலில் என்னைத் திட்டிக்கொள்கிறேன், அதுதான் நியாயம்.

நான் பாளையங்கோட்டையில் பயிற்சி எடுத்த காலத்தில் டூட்டிக்கு ஆரம்பம் உண்டு, முடிவு கிடையாது. எங்கள் சீஃப் ஒருவர் இருந்தார். பெரிய மனிதர், நல்ல கைராசி. "டாக்டருக்கு வீடு எதுக்கு? சட்டை மாத்தவா? அதை இங்கேயே மாத்திக்கலாம்" என்பார். வாந்தி பேதி பரவிய ஒரு கோடையில் மூன்று நாள் தொடர்ந்து வார்டில் நின்றேன். தரையில் பாய் போட்டெல்லாம் நோயாளிகள் கிடந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் சீஃப் என் தோளில் தட்டி, "இனிமே நீ டாக்டர்" என்றார். அந்த ஒரு தட்டலை வைத்துக்கொண்டு முப்பது வருடம் ஓட்டினேன். பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு வருடப் பிள்ளைகளுக்கும் முதல் வகுப்பே இந்தக் கதைதான். சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் ஒருநாள் அந்தச் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. பயிற்சி மருத்துவர்கள் எவரும் ஒரே மூச்சில் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் டூட்டி பார்க்கக்கூடாது, காலை எட்டு மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்திட்டு வெளியேற வேண்டும், மீறினால் பயிற்சி இடங்களுக்கான அங்கீகாரமே போகும் என்று இருந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். பயிற்சித் தலைவர் என்ற முறையில் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "எட்டு மணிக்கு எல்லாரும் ஒழுங்கா கையெழுத்தைப் போடுங்க. போட்டுட்டு வேலையைப் பாருங்க."

இப்படித்தான் நம் வார்டில் அந்தப் பழக்கம் வந்தது. காகிதத்தில் வீட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் கட்டில் பக்கத்தில் நின்றார்கள். ஒரே ஒரு சங்கடம். எட்டு மணிக்குப் போய்விட்டவர் ஒன்பது மணிக்கு நோயாளியின் கேஸ் ஷீட்டில் எப்படி எழுதுவது? அதற்கும் பிள்ளைகளே வழி கண்டுபிடித்தார்கள். பார்த்ததை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வார்கள். பிறகு அன்றைக்கு டூட்டியில் இருப்பவரிடம் அதைக் கொடுத்தால், அவர் பார்த்து எழுதித் தன் கையெழுத்தைப் போட்டுவிடுவார். எனக்கு இது தெரியும். புத்திசாலிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பழக்கத்துக்கு வளையாதவள் ஒருத்தி இருந்தாள். பர்வீன். கடையநல்லூர்க்காரி, இரண்டாம் வருடம். அப்பா சவுதியில் ஒரு கடையில் வேலை, வீட்டில் அம்மாவும் தம்பியும். எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டால் எட்டேகால் பஸ்ஸில் இருப்பாள். அதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டிலாக நின்று, அடுத்த ஆளுக்கு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். அதையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அந்த பஸ் மட்டும்தான். 'எட்டேகால் டாக்டர்' என்று பெயர் வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிள்ளைகள் நம் எதிரில் சிரிப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

என் செல்லப்பிள்ளை இசக்கிமுத்து. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருப்பவர் மகன். விடிகாலையிலேயே மண்டிக்குப் போய்ப் பழகிய உடம்பு என்பதால் தூக்கம் அவனுக்கு எதிரியே இல்லை என்று சொல்லிக்கொள்வான். நானும் நம்பினேன். கையெழுத்துப் போட்ட பிறகு நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் நிற்பான். நோயாளிகள் அவனை விடமாட்டார்கள். அவனுக்கும் அவர்களை விட்டுப் போக மனம் வராது. நல்ல பிள்ளை. இப்போதும் சொல்கிறேன், நல்ல பிள்ளை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

குற்றாலச் சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஜூலை மாதம். சீசன் ஞாயிறு என்றால் நம் கேஷுவால்ட்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அருவிப் பாறையில் வழுக்கி விழுந்தவர், எண்ணெய் தேய்த்த உடம்போடு கூட்டத்தில் மயங்கினவர், பரோட்டாவும் கோழியுமாக ஒரு கட்டு கட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர். இசக்கி சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டூட்டிக்கு வந்தவன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, டூட்டி முடிய ஒரு மணி நேரம் இருக்கையில், ஒரு பாம்புக்கடி வந்தது.

செல்லையா என்று பெயர், நாற்பது வயது. புளியங்குடிப் பக்கம் தோட்டத்தில் எலுமிச்சை பறித்துக்கொண்டிருந்தபோது காலில் ஏதோ கடித்திருக்கிறது. என்ன பாம்பு என்று பார்க்கவில்லை. காலில் இரண்டு புள்ளி, லேசான வீக்கம், அவ்வளவுதான். கூட அவர் மனைவி மாரியம்மாள்.

இந்த மாதிரிக் கேஸில் நாம் செய்வது உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்போம். உறைந்திருந்தால் அந்த மணிக்குத் தப்பித்தார். தண்ணீராக ஓடினால் விஷம் ரத்தத்தைக் கெடுத்துவிட்டது, உடனே விஷமுறிவு மருந்தை ஏற்ற வேண்டும். முதல் தடவை உறைந்துவிட்டது என்று விட்டுவிட முடியாது. மணிக்கொரு தடவை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இசக்கி ஏழேகாலுக்குப் பார்த்தான், உறைந்திருந்தது.

எட்டு மணிக்கு பர்வீன் வந்தாள். அவள் வந்த கையோடு பழைய குற்றாலம் பாதையில் ஒரு வேன் கவிழ்ந்து, அடிபட்டவர்களை வரிசையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். இசக்கி பதிவேட்டில் கையெழுத்தைப் போட்டான். முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்ப வந்தான். "நீ கேஷுவால்ட்டியப் பாரு பர்வீன். பாம்புக்கடியை நான் பாத்துக்கிடுதேன்" என்றான். அவளுக்கும் வேறு வழி இல்லை. எட்டேகாலுக்கும் ஒன்பதேகாலுக்கும் அவனே ரத்தம் எடுத்தான், இரண்டும் உறைந்தன. துண்டுச் சீட்டில் எழுதி, கேஷுவால்ட்டிக்குப் போய் அவளிடம் கொடுத்தான். அவள் அதைப் பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திட்டாள். அவள் மனதுக்கு அது பிடிக்கவே இல்லை என்று பிறகு சொன்னாள். ஆனால் வார்டே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

பத்தேகாலுக்கு நான்காவது தடவையாக ரத்தம் எடுத்து, குழாயை ஜன்னல் விளிம்பில் நிமிர்த்தி வைத்துவிட்டு, இருபது நிமிடம் கழித்துப் பார்க்கலாம் என்று பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் வேலைக்கு வந்து இருபத்தாறு மணி நேரமாகியிருந்தது.

நான் ரவுண்ட்ஸுக்கு வந்தபோது மணி பத்தரை. ஜன்னல் ஓரத்தில் தலையைச் சுவரில் சாய்த்து, வாய் கொஞ்சம் திறந்தபடி இசக்கி தூங்கிக்கொண்டிருந்தான். சாரல் அவன் தோளில் விழுந்துகொண்டிருந்தது. வார்டுப் பொறுப்பில் இருந்த ஸ்டெல்லா சிஸ்டர் என்னைப் பார்த்துவிட்டு அவனை நோக்கி நடந்தார். "எழுப்பவா மேடம்?" என்று கேட்டார்.

"வேண்டாம் சிஸ்டர், தூங்கட்டும். பிள்ளை பாவம்" என்றேன். சாரல் படாமல் இருக்க ஜன்னல் கதவை நானே பாதி சாத்தினேன். அப்போது குழாயைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். யாரோ டூட்டி டாக்டர் வைத்திருப்பார், நேரமானால் வந்து எடுத்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். போகும்போது கூட வந்த பிள்ளைகளிடம் இசக்கியைக் காட்டி, "இப்படி இருக்கணும்" என்று வேறு சொன்னேன்.

பன்னிரண்டரை மணிக்கு மாரியம்மாள் ஸ்டெல்லா சிஸ்டரிடம் வந்து நின்றார். "சிஸ்டரம்மா, இவுக வாய் கொப்பளிச்சாவ. ஒரே ரத்தமா வருது. வெத்தல கூடப் போடலயே" என்றார்.

சிஸ்டர் ஆளனுப்பினார். பர்வீன் கேஷுவால்ட்டியிலிருந்து ஓடி வந்தாள். செல்லையாவின் ஈறைப் பார்த்தாள். கேஸ் ஷீட்டைப் பார்த்தாள். கடைசியாக எழுதியிருந்தது ஒன்பதேகால். "பத்தேகாலுக்கு எடுக்கலயா சிஸ்டர்?" என்று கேட்டாள். சிஸ்டர் ஜன்னலைக் காட்டினார். பர்வீன் குழாயை எடுத்துச் சாய்த்தாள். இரண்டே கால் மணி நேரம் ஆகியும் ரத்தம் தண்ணீராக ஓடியது. பெஞ்சில் இசக்கி அப்போதுதான் கண் விழித்தான். அவளையும் அவள் கையில் இருந்த குழாயையும் பார்த்தான். அந்த முகத்தை எனக்கு விவரித்தது ஸ்டெல்லா சிஸ்டர். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

பத்து நிமிடத்தில் மருந்தை ஏற்ற ஆரம்பித்துவிட்டாள் பர்வீன். குரல் உயரவில்லை. செய்ய வேண்டியது எல்லாவற்றையும் வரிசையாகச் செய்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். நான் வந்தபோது ரத்தப்போக்கு கொஞ்சம் அடங்கியிருந்தது. ஆனால் சிறுநீர் குறைய ஆரம்பித்திருந்தது. மாலையில் திருநெல்வேலிக்கு அனுப்பினோம். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய், டயாலிசிஸ் செய்தார்கள். பிழைப்பாரா என்று மூன்று நாள் யாராலும் சொல்ல முடியவில்லை. பிழைத்தார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைப் பதற்றத்தோடு படிப்பீர்கள்.

மாரியம்மாளின் தம்பி போலீஸில் ஏட்டு. இரண்டு மணி நேரம் ஒரு டாக்டர்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று திங்கட்கிழமை காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் எழுதியதில் தப்பே இல்லை. செவ்வாய்க்கிழமை விசாரணை என்று முடிவாயிற்று. எங்கள் இயக்குநர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பதிவேடும் கேஸ் ஷீட்டும் விரிந்து கிடந்தன. பதிவேட்டின்படி இசக்கி எட்டு மணிக்கே போய்விட்டான். கேஸ் ஷீட்டின்படி எட்டேகால், ஒன்பதேகால் இரண்டையும் பார்த்தவள் பர்வீன். அப்படியானால் பத்தேகாலை விட்டவளும் பர்வீன்தான்.

இயக்குநர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "மேடம், இசக்கி இங்கே இருந்தான்னு நாம சொன்னா விதியை மீறினோம்னு நாமளே ஒத்துக்கிட்டதா ஆகும். பயிற்சி சீட்டெல்லாம் போகும். மத்தப் பிள்ளைங்க படிப்பு என்ன ஆவது? இந்தப் பொண்ணு ஒத்துக்கிட்டா ஒரு எச்சரிக்கைக் கடிதம், ஆறு மாசப் பயிற்சி நீட்டிப்பு, அத்தோட முடிஞ்சுரும். நீங்க சொன்னா கேப்பா" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களில் சின்னவருக்குக்கூடத் தெரியும். நான் சொன்னது, "யோசிச்சுச் சொல்லுதேன்."

வெளியே வந்தால் வராந்தாவில் பர்வீன் நிற்கிறாள். அவளுக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எந்தக் கதவும் சுவரும் பேச்சைத் தடுத்ததில்லை.

"மேடம், இசக்கி அங்கன இருந்தத நீங்க பாத்தீங்கல்ல?" என்று கேட்டாள்.

"பாத்துக்கலாம் போ" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவள் பின்னால் வரவில்லை.

பத்து நிமிடத்தில் இசக்கி வந்தான். இரண்டு நாளாகத் தூங்காத முகம். "நான் போயிச் சொல்லப்போறேன் மேடம். நான்தான் தூங்கிட்டேன்" என்றான். "ஏலே, நீ வாயைத் தொறக்காத. ஒன்னால பன்னெண்டு பேரு படிப்பு போயிரும்" என்று அவனையும் அடக்கிவிட்டேன். பன்னிரண்டு பேர் என்ற கணக்கு அப்போது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. பதின்மூன்றாவதாக இருந்த என்னை அது நன்றாக மறைத்தது.

சாயங்காலம் கிளம்பும்போது ஸ்டெல்லா சிஸ்டர் வந்தார். இருபது வருடமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறோம், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்லை. அன்றைக்கும் மெதுவாகத்தான் பேசினார். "நாளைக்கு என்னையவும் கூப்பிட்டிருக்காவ மேடம். நான் என்ன சொல்லட்டும்? எழுப்பவான்னு கேட்டேன். வேண்டாம்னிய. அதச் சொல்லவா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் பொய் சொல்லிப் பழகல, ராத்திரியே மனப்பாடம் பண்ணணும்."

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் என்னை உலுக்கியது. "வீட்டுக்குப் போங்க சிஸ்டர். கேட்டா நடந்தத நடந்தபடி சொல்லுங்க" என்றேன்.

அப்புறம்தான் எனக்குப் பாளையங்கோட்டைக் கதையின் விட்டுப்போன பகுதி ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பது பொய், அது எப்போதும் இருந்தது, நான்தான் சொல்வதில்லை. அந்த மூன்றாம் நாள் காலை, ஏழாம் கட்டில்காரருக்குப் போட வேண்டிய ஊசியை எட்டாம் கட்டில்காரர் கையில் குத்தப் போனேன். எட்டாம் கட்டிலில் இருந்தது ஒரு கர்ப்பிணிப் பெண். வார்டு நர்ஸ் ஒருவர், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்து ஊசியை வாங்கிக்கொண்டார். "போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வா தாயி" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. அது நடந்து அரை மணி நேரம் கழித்துத்தான் சீஃப் வந்து என் தோளில் தட்டினார். முப்பது வருடமும் நான் தோளைத்தான் சொல்லிவந்தேன், மணிக்கட்டைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் இசக்கி அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கமாட்டான்.

செவ்வாய்க்கிழமை விசாரணையில் முதலில் பர்வீனைத்தான் கூப்பிடுவதாக இருந்தார்கள். நான் எழுந்து, அவளுக்கு முன்னால் நான் பேச வேண்டும் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டு நிற்கச் சொன்னது நான். துண்டுச் சீட்டுப் பழக்கம் தெரிந்தும் தடுக்காதது நான். பத்தரைக்கு இசக்கியையும் குழாயையும் பார்த்தது நான். எழுப்ப வேண்டாம் என்றதும் நான். இயக்குநர் தலையைக் குனிந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் அவர், "நீங்களே சொல்லுதீங்களே டாக்டரம்மா" என்று மட்டும் சொன்னார்.

பயிற்சித் தலைவர் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இசக்கிக்கு மூன்று மாத நீட்டிப்பு. பர்வீனுக்கு, பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்திட்டதற்கு வாய்மொழி எச்சரிக்கை. அது சரியானதுதான் என்று அவளே சொன்னாள். அங்கீகாரம் போகவில்லை. ஆனால் அந்த வருடம் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கக்கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். ஆள் பற்றாக்குறை வந்தது. பொறுப்பு போனவள்தானே என்று நானே பிள்ளைகளோடு டூட்டி சார்ட்டில் பெயரைப் போட்டுக்கொண்டேன்.

வார்டில் பர்வீனின் நடைமுறை எல்லாருக்கும் வந்தது. காலை எட்டு மணிக்கு இரண்டு டாக்டர்களும் சேர்ந்து கட்டில் கட்டிலாக நின்று பேச வேண்டும். பாதியில் நிற்கும் வேலை எது, எந்தக் குழாய் எங்கே இருக்கிறது, எந்த வீட்டுக்காரர் பயந்திருக்கிறார், எல்லாவற்றையும் கைமாற்ற வேண்டும். பிறகுதான் கையெழுத்து. ஆரம்பத்தில் சில நாள் நான் வாசலில் நின்று பையன்களின் சட்டைப்பையில் துண்டுச் சீட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். ஒருநாள் இசக்கியின் பையில் ஒரு சீட்டு அகப்பட்டது. பிரித்துப் பார்த்தால் ஐந்தருவிக்கு எண்ணெய்க் குளியலுக்குப் போக யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியல். என் பெயரையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தான். போனேன். எண்ணெய் தேய்த்துவிட்ட அம்மாள் என் கழுத்தைப் பிடித்துவிட்டு, "ஏதோ பெரிய பாரத்தத் தூக்கிட்டு அலையுதிய போல" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பர்வீன் அந்தக் குளியலுக்கு வரவில்லை. விசாரணைக்குப் பிறகு என்னிடம் "சரி மேடம்", "பாத்துட்டேன் மேடம்" என்பதைத் தாண்டி அவள் எதுவும் பேசவில்லை. மரியாதை ஒரு குண்டுமணி அளவு குறையவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்று புரியவில்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, செல்லையா பரிசோதனைக்கு வந்தார். இளைத்திருந்தார், ஆனால் நடந்து வந்தார். மணி எட்டு பத்து. முந்தின நாள் எனக்கும் பர்வீனுக்கும் ஒரே நேரத்தில் டூட்டி. பர்வீன் கையெழுத்துப் போட்டு, பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போய்க் கூப்பிட்டேன்.

"ஏட்டி, செல்லையா வந்திருக்காரு. நீ பொழைக்கவச்ச ஆளு. ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போ."

அவள் திரும்பினாள். "வாசல்லயே பாத்தேன் மேடம். நல்லா இருக்கேன்னாரு. அவரப் பத்தி அடுத்த டூட்டிக்கு எல்லாம் சொல்லிட்டேன்" என்றாள். பிறகு பையின் வாரைச் சரிசெய்துகொண்டே நின்றாள். போகவில்லை.

"மேடம், ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதிய. செவ்வாக்கிழமை நீங்க எல்லாத்தையும் சொன்னிய. அது பெரிய விசயம், எனக்குத் தெரியும். ஆனா திங்கக்கிழமை நான் கேட்டப்ப, 'பாத்துக்கலாம் போ'ன்னிய. நான் வீட்டுக்குப் போயி, படிப்ப விட்டுருதேன்னு அம்மாட்ட சொல்லிட்டேன். அன்னைக்கு அம்மா அடுப்பே பத்தவைக்கல. அத்தா சவுதியிலருந்து போன்ல ஒரு மணி நேரம் எதுவும் பேசாம அப்படியே இருந்தாவ. மறுநா எல்லாம் சரியாயிட்டு. அந்த ஒரு நா மட்டும் இன்னும் சரியாவல."

முப்பது வருடமாக நோயாளிகளின் வீட்டாருக்கு எத்தனையோ விதமாகப் பேசியிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னது ஒன்றுதான். "என்னைய மன்னிச்சிரு பர்வீன். நான் பயந்துட்டேன்" என்றேன். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. எனக்கு அழுகை வரும் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் நம்பமாட்டார்கள், நீங்களும் நம்ப வேண்டாம்.

அந்த ஜூலைக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகம் இளகியது.

"சரி மேடம். நீங்களும் கெளம்புங்க" என்றாள்.

"நான் எங்க கெளம்ப? செல்லையாவைப் பாக்கணும், ரவுண்ட்ஸ் இருக்கு."

"நேத்துக் காலையில எட்டு மணிக்கு வந்திய. நானுந்தான் கூட இருந்தேன். மணி எட்டு இருவது. எனக்குச் சொன்ன சட்டம் ஒங்களுக்கு இல்லையா? செல்லையா எங்கனயும் ஓடிறமாட்டாரு. அடுத்த டூட்டி பாத்துக்கிடும்." சொல்லிவிட்டுப் படியில் அப்படியே நின்றாள். நான் போகாமல் அவள் போகமாட்டாள் என்று தெரிந்தது. எட்டேகால் பஸ் போய்விட்டிருந்தது. நான் மருத்துவத்தில் வாங்கிய உத்தரவுகளில் அதுதான் கடைசி. அதைக் கொடுத்தவளுக்கு இருபத்தெட்டு வயது.

உள்ளே போய் ஒவ்வொரு கட்டிலாக நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு வெளியே வந்து, பர்வீனை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நிஜமாகவே வீட்டுக்குப் போனேன். பத்து மணிக்குப் படுத்து மாலை நான்கு மணிக்கு எழுந்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து முதல் வேலையாக வார்டைச் சுற்றிப் பார்த்தேன். நான் விட்டுப்போன அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள், இரண்டு பேர் முன்பைவிட நன்றாக இருந்தார்கள். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் இல்லாமலே வார்டு நடந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.